ஒன்பது விகுதிகள்

"ஏழாவது விகுதி முன்னாடி வருமா, ஆறாவதா?"

"என்னைக் கேட்டா? வெங்காயம் முன்னாடியா, தக்காளி முன்னாடியான்னு கேளுங்க, சொல்றேன்."

மனைவியின் கேலி லேத் பட்டறைக்காரரின் காதில் ஏறவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி கம்ப்யூட்டருக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஐந்து மணிக்குள் விடையை அனுப்ப வேண்டும். இப்போதே நாலே முக்கால்.

கிளிங்கான் என்று ஒரு மொழி. வேற்றுக்கிரகவாசிகள் பேசுவதற்கென்று யாரோ உட்கார்ந்து உருவாக்கியது. அதன் வினைச்சொல்லில் ஒட்ட ஒன்பது வகை விகுதிகள், அதுவும் வரிசைப்படி. முப்பது வருஷம் இரும்பைக் கடைந்தவரை இவை ஆறு மாதமாகக் கடைந்துகொண்டிருந்தன. 'ஒற்றைக்கண்' என்ற பெயரில், முகம் காட்டாத ஒரு வாத்தியார் இணையத்தில் தினமும் ஒரு வாக்கியம் கொடுத்துத் திருத்துகிறார்.

"இன்னைக்குச் சரியாப் போட்டுட்டா பாடம் முடிஞ்சுதாம். நாளையில இருந்து எழுத மாட்டாராம்."

"அப்பாடா! ஒழுங்காப் போட்டுத் தொலைங்க. பெத்த பிள்ளை மூணு வருஷமா ஒரு போன் பண்ணலை, இந்த மனுஷனுக்கு விகுதிக் கவலை!"

டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் டேப் போட்டு ஒட்டிய பழைய நோட்டைப் புரட்டி, விடையை அடித்து, சரிபார்த்தார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

மணி நாலு ஐம்பத்தெட்டு. இதை அனுப்பிவிட்டால் நாளைக்கு வாக்கியம் வராது.

சட்டென்று ஆறாவதையும் ஏழாவதையும் இடம் மாற்றிப் போட்டு, அனுப்பிவிட்டார்.

"அனுப்பிட்டீங்களா? சரியா இருக்கா?"

"தெரியலை" என்றார், நோட்டை மூடியபடி. 'சோறு போடாத பாஷை' என்று கத்தி அவரே கிழித்தெறிந்து, பிறகு அவரே பொறுக்கி ஒட்டிய, மகனின் நோட்டு.

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது.

"தப்பு. இதே தப்பு இருபதாவது தடவை. நாளைக்கும் எழுதணும்."

அதன் கீழே, ஆறு மாதத்தில் முதல் முறையாக, பாடத்தில் இல்லாத ஒரு வரி:

"பிரஷர் மாத்திரையை மறக்காமப் போடுங்க, அப்பா."