வராந்தாவுக்கு நர்ஸ் இல்லை

“பெரியவரே, வாயைத் திறந்து ஒரு சத்தம் போடுங்களேன்! உங்க வீட்டுக்காரம்மா வலியில துடிக்கிறாங்க, நீங்க என்னடான்னா சிலை மாதிரி நிக்கிறீங்க!”

ஆஸ்பத்திரி வராந்தாவில் தள்ளுகட்டிலில் கிடந்தபடி கத்தினான் வெண்டல். கூரையில் பனியை வழிக்க ஏறி, சறுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டவன். கால்தான் உடைந்ததே தவிர, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த கட்டிலில் மார்வா என்ற வயதான அம்மாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, “இப்போதைக்குப் பயமில்ல, அறை காலியானதும் கூப்பிடுறோம்” என்று சுவரோரம் தள்ளிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கணவர் கிளேட் அவர் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

நர்ஸ் டிரீனா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

“சிஸ்டர், நில்லுங்க! அந்தம்மாவுக்கு உதடெல்லாம் வெளுத்துப் போச்சு. கொஞ்சம் பாருங்க!” என்றான் வெண்டல்.

“எனக்கு நாலு அறை சார். நாலுலயும் ஆள் கிடக்காங்க. அவங்களை விட்டுட்டு வந்தா என் வேலை போயிடும்.”

வெண்டல் சுவரைக் காட்டினான். ‘ஒரு நர்ஸுக்கு நான்கு நோயாளிகள். இது சட்டம்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை.

“அப்போ இது என்ன, அழகுக்கா? கொண்டுவந்தவர் பேரையே வச்சு டாலிவர் சட்டம், டாலிவர் சட்டம்னு மாநிலமே கொண்டாடுச்சே!”

“அது அறையில இருக்கிறவங்களுக்கு. வராந்தாவுல இருக்கிறவங்க அந்தக் கணக்குலயே வரமாட்டாங்க. முதல்ல சேர்த்துத்தான் எழுதியிருந்தாங்களாம். ஆஸ்பத்திரி முதலாளிங்க மல்லுக்கு நின்னதும் கடைசி நேரத்துல எடுத்துட்டாங்க. இப்போ மிச்சப் பேரையெல்லாம் இங்க தள்ளிடுறாங்க. வராந்தாவுக்குன்னு ஒரு நர்ஸ்கூடக் கிடையாது.” சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அறைக்குள் ஓடிவிட்டாள்.

“எந்தப் புண்ணியவான் எடுத்தானோ, அவனைக் கொண்டுவந்து இங்க படுக்க வைக்கணும்!”

கிளேட் நிமிரவே இல்லை. வெண்டலுக்கு எரிச்சலாக வந்தது. இப்படியும் ஒரு மனுஷனா? பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், கோபம்கூட வரவில்லையே!

மார்வாதான் கணவரின் கையைத் தடவிக்கொடுத்தார். “அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, கிளேட். உன் மேலயும் இல்ல. அப்போ உனக்கு வேற வழி தெரியல.”

“பேசாதே மார்வா. மூச்சு வாங்குது பார்.”

நேரத்தோடு கூட்டிவராததைத்தான் சொல்கிறார் என்று வெண்டல் நினைத்துக்கொண்டான். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. தன் போர்வையை உருவி நீட்டினான்.

“இந்தாங்க, போர்த்திவிடுங்க. இங்க குளிர் ஆளைக் கொன்னுடும்.”

கிளேட் வாங்கிக் கழுத்துவரை போர்த்தினார். மார்வா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முனகல் நின்றது. அப்பாடா, தூங்கிவிட்டார் என்று வெண்டலும் வாயை மூடிக்கொண்டான்.

டிரீனா மறுபடி வந்தபோது அவள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு.

“அம்மா, ரெண்டாம் நம்பர் அறை காலியாயிடுச்சு! பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க, கையில பட்டை கட்டணும்.”

போர்வைக்குள்ளிருந்து மார்வாவின் கையை எடுத்தவள் அப்படியே நின்றாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். “டாக்டர்!” என்று அலறினாள்.

ஓடிவந்த டாக்டர் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் கையை எடுத்துவிட்டார்.

டிரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கட்டாத பட்டையோடு கிளேட்டிடம் திரும்பினாள்.

“மன்னிச்சிடுங்க சார். அவங்க பேரு...?”

“மார்வா டாலிவர்” என்றார் அவர். “சட்டத்துலேர்ந்து வராந்தாவை எடுத்தவன் நான்தாம்மா.”