முழங்கை மட்டும்

டாரிலின் முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. நிக்கல் சுரங்கத்தில் பாறையைக் குடைந்துவிட்டு மேலே வந்து, குளித்த ஈரம் காயும் முன்னே ஓட்டத்திடலுக்கு வந்திருந்தான். பெஞ்சில் உட்கார்ந்து காலைப் பிசைந்துகொண்டான்.

பக்கத்தில் அவன் மனைவியின் தம்பி ரெஜான் சொகுசாகக் கால் நீட்டியிருந்தான். புது ஷூ, ரப்பர் வாசனைகூட இன்னும் போகவில்லை. விளையாட்டு உதவித்தொகை வந்ததும் வேலையை விட்டுவிட்டான். தின்பது, தூங்குவது, ஓடுவது. டாரிலுக்கு அந்தக் காசில் ஒரு காலுறைகூட வந்ததில்லை.

"மச்சான், அந்தப் பேப்பரை இன்னொரு தடவை படியேன்."

"நாலு தடவை படிச்சாச்சு மாப்ளே."

"அஞ்சாவதா படி. வாய் தேஞ்சா போயிரும்?"

டாரில் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தான். 'உலகப் போட்டிக்குத் தயாராக சட்பரி நகர வீரனுக்கு உதவித்தொகை.' செய்தி முழுக்க ரெஜான், ரெஜான். டாரிலின் பெயர் தேடினாலும் கிடையாது.

"போட்டோல என் மூஞ்சி எப்படி?"

"கரையில தூக்கிப் போட்ட மீன் மாதிரி வாயைப் பொளந்துட்டு இருக்க."

"நீ?"

"என் முழங்கை மட்டும் விழுந்திருக்கு."

ரெஜான் குலுங்கிச் சிரித்தான். "அது போதும். அந்த முழங்கையை ஆயிரம் பேர்ல நான் கண்டுபிடிச்சிருவேன்."

டாரிலுக்குச் சிரிப்பு வரவில்லை. இதே படத்தைத்தான் அவன் மனைவி ஜிஸெல் வெட்டி ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருந்தாள். தான் உழைத்து வாங்கின ஃபிரிஜ்ஜில் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் மச்சினன் சிரிப்பையும் தன் முழங்கையையும் பார்க்க வேண்டியிருந்தது.

"இதான் கடைசித் தேர்வு மச்சான்," ரெஜானின் குரல் இறங்கியது. "இன்னிக்கு நேரம் வரலேன்னா உலகப் போட்டியும் இல்ல, அடுத்த வருசக் காசும் இல்ல. திரும்ப அந்த டெலிபோன் கம்பெனிக் கூண்டுக்குள்ளதான் போயி உக்காரணும்."

"நான் தினமும் சுரங்கக் கூண்டுலதான் பாதாளத்துக்கு எறங்குறேன். செத்தா போயிட்டேன்?"

இருவரும் தொடக்கக் கோட்டில் போய் நின்றதும் துப்பாக்கி வெடித்தது. தோளோடு தோள் உரச இருவரும் ஓடினார்கள். கடைசிச் சுற்றில் மற்றவர்கள் வெகுதூரம் பின்தங்கிவிட்டார்கள்.

வலியைக் கால்கள் மறந்துவிட்டன. டாரிலின் கால் எப்போதுமே ரெஜான் காலைவிட வேகம். அதை எந்தப் பேப்பரும் எழுதியதில்லை. மூன்று வருடமாக எல்லாப் பந்தயத்தையும் அரையடி பின்னால்தான் முடித்திருக்கிறான்.

கடைசி நேர்ப்பாதை. வேலியோரம் ஜிஸெல் தொண்டை கிழியக் கத்தினாள்: "ரெஜான்! ஓடு, ரெஜான்!" கட்டினவன் பெயர் அவள் வாயில் வரவில்லை.

ஓடும்போது வாய் ஓயாத டாரில் அதற்குப்பிறகு வாயே திறக்கவில்லை. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. நெஞ்சை முன்னே தள்ளி, அரையடி முந்திக் கோட்டைத் தாண்டினான்.

கடிகாரம் நின்றது. உலகப் போட்டிக்கு வேண்டிய நேரம் கைக்குள் வந்திருந்தது. ஆனால் கைத்தட்டல் இல்லை. ஜிஸெல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்ன நேரம் மச்சான்? வந்துருச்சா?" ரெஜான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "வாயத் தொறந்து சொல்லேன்!"

"வந்துருச்சு மாப்ளே."

கொடியோடு நடந்துவந்த பெண் நடுவர், இருவர் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். "கூட்டிட்டு ஓடுறவர் முன்னால கோட்டைத் தொட்டா அந்த ஓட்டமே செல்லாது. உங்களுக்குத் தெரியாததா?"

ரெஜானின் சிரிப்பு அணைந்தது. கறுப்புக் கண்பட்டையைக் கழற்றினான். விரலால் தடவித் தடவி முடிச்சை அவிழ்த்து, கயிற்றை நீட்டினான். டாரில் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில் நீட்டினான்.

"கண்ணில்லாதவன் நான், கோட்டைப் பாத்த நீ எனக்கு ஒரு உலகப் போட்டி பாக்கி வச்சிட்ட, மச்சான்."