சம்பந்தியம்மா கேட்ட போட்டோ

"அம்மணி, நெசத்தைச் சொல்லு. அப்படி என்னத்தப் போட்டே?"

ஈஸ்வரமூர்த்தி மறுபடியும் அதையே கேட்டார். மகள் நித்யஸ்ரீயும் மறுபடியும் அதையே சொன்னாள்.

"மாட்டு மடிங்கப்பா."

"மாட்டு மடியா?"

"ஆமாங்கப்பா. மடிநோய்க்குக் கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேத்து அரைச்சு எப்படிப் பூசறதுன்னு போட்டிருந்தேன். நம்ம செவலை மடியத்தான் கிட்டத்துல போட்டோ எடுத்தேன்."

நித்யஸ்ரீ கால்நடை டாக்டர். பெரியநாயக்கன்பாளையம் சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் பலரும் செல்போனில் அவள் நடத்தும் பக்கத்தைப் பார்த்துத்தான் வைத்தியம் பார்ப்பார்கள். அன்று காலை அந்தப் பக்கமே காணோம். முடக்கிவிட்டார்கள். காரணத்தைக் கம்பெனி தமிழிலேயே அனுப்பியிருந்தது: ஆபாசமான உள்ளடக்கம்.

ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் படித்தார். பிறகு கட்டுத்தறியை எட்டிப் பார்த்தார். செவலை அது பாட்டுக்குச் சோளத்தட்டு தின்றுகொண்டிருந்தது.

"இதுல என்ன ஆபாசம்? மாட்டுக்குச் சேலையா கட்டிவிட முடியும்?"

"மனுசங்க பாக்கறதில்லீங்கப்பா. மிஷின்தான் பாக்குது. அதுக்கு மாடும் தெரியாது, மடியும் தெரியாது."

"அப்ப மனுசங்ககிட்டச் சொல்லு."

"சொன்னேனுங்க. மறுபடி பரிசீலிச்சோம், முடிவுல மாற்றமில்லைன்னு உடனே பதில் வந்துருச்சு."

"அதுக்குள்ள யாரு பரிசீலிச்சது?"

"அதுவும் மிஷின்தானுங்க."

அவருக்குத் தலை சுற்றியது. தப்புச் செய்ததும் மிஷின், அதை விசாரித்ததும் மிஷின். யாரைப் போய்ப் பிடிப்பது?

"அவங்க ஆபீஸ் எங்க இருக்குதுன்னு கேளு. காரை எடுத்துட்டு ஒரு எட்டுப் போய்ப் பேசிப்போட்டு வந்தர்லாம்."

"அமெரிக்காவுலங்கப்பா."

பக்கம் போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நித்யஸ்ரீக்கும் தாராபுரம் மனோஜ்குமாருக்கும் உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதாக இருந்தது. அது நடக்குமா என்பதுதான் அவர் கவலை.

மாப்பிள்ளை நல்ல பையன். நல்ல பையனாக இருந்ததுதான் வினை. நித்யஸ்ரீ அவனுக்கு அனுப்பிய கம்பெனி நோட்டீசை, 'யாராவது இதைச் சரிபண்ணித் தர முடியுமா?' என்று கேட்டு, தன் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் அப்படியே போட்டுவிட்டான்.

உதவி வரவில்லை. அவன் பெரியப்பா கருப்புசாமியிடமிருந்து ஒரு கேள்விதான் வந்தது.

'ஆபாசப் படம் போட்ட பொண்ணா நம்ம ஊட்டுக்கு?'

மாடு, மடி, மிஷின் என்று மனோஜ்குமார் எவ்வளவோ விளக்கிப் பார்த்தான். 'ஒண்ணுமில்லாமயா கம்பெனிக்காரன் மூடுவான்?' என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மாட்டை நம்ப ஒருவரும் தயாராக இல்லை.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா ரங்கநாயகி போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எப்போதும் அளந்துதான் பேசுவார். அன்றைக்கு அதிலும் பாதிதான் பேசினார்.

"ஏனுங்க சம்பந்தி, அந்தப் போட்டோவ எனக்கு அனுப்பச் சொல்லுங்க."

"அது வெறும் மாட்டு மடிங்க. சத்தியமா..."

"அனுப்பச் சொல்லுங்க. வெச்சர்றேனுங்க."

போன் கட்டாகிவிட்டது. ஈஸ்வரமூர்த்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதற்குப் போட்டோ? சொந்தக்காரர்களுக்குக் காட்டவா? காட்டிவிட்டு, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லவா?

"படிச்சவங்கன்னு நம்புனோமே. டீச்சரல்லோ, ஆதாரத்த வாங்கி வெச்சுட்டுத்தான் ஆகாதும்பாங்களாட்டம் இருக்குது" என்று சம்சாரத்திடம் பொருமித் தீர்த்தார். நித்யஸ்ரீ போட்டோவை அனுப்பினாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அவருக்கு அந்த அம்மாள் மேல் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் காலை வாசலில் கார் வந்து நின்றது. ரங்கநாயகி மட்டும் இறங்கினார். முகத்தில் சிரிப்பில்லை.

முடிந்தது, போனில் சொல்வது மரியாதையில்லை என்று நேரிலேயே வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார் ஈஸ்வரமூர்த்தி. "வாங்க, வாங்க" என்று தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்.

ரங்கநாயகி ஒரு மடக்குக் குடித்தார். தன் செல்போனை எடுத்து நித்யஸ்ரீயிடம் கொடுத்தார்.

"என்ற பக்கத்தத் தெறந்து பாரு கண்ணு."

டீச்சரிடம் படித்தவர்கள் எந்தெந்த நாட்டிலோ இருந்துகொண்டு அந்தப் பக்கத்தில்தான் அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம், குழந்தை, வேலை என்று ஒன்று விடாமல் அதில்தான் சொல்வார்கள். அவர் பொழுதே அதில்தான் போய்க்கொண்டிருந்தது.

நித்யஸ்ரீ திறந்து பார்த்துவிட்டுத் திகைத்தாள்.

"அத்தை! உங்குளுதும் போயிருச்சுங்களா?"

"போச்சு கண்ணு. நீ அனுப்புன போட்டோவ நேத்து நானும் போட்டேன். காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள மூடிப்போட்டாங்க."

"மூடுவாங்கன்னு தெரிஞ்சேவா போட்டீங்க?"

"வாயில சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. வேறென்ன பண்ணறது?"

ஈஸ்வரமூர்த்திக்கு இந்த அம்மாளையா அப்படிப் பேசினோம் என்று வெட்கமாக இருந்தது.

"இத்தன வருசமாச் சேத்து வெச்சதெல்லாம் போச்சுங்களே..." என்றவர், தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாப்பிள்ளையோட பெரியப்பா என்ன சொன்னாருங்க?"

"எனக்கு வந்த நோட்டீசையும் அதே குரூப்புல போட்டு உட்டேனுங்க. 'இந்த ஊட்டுக்கு வர்ற மருமக மட்டுமில்லீங்க, மாமியாளும் ஆபாசந்தானுங்களாம். ஞாயித்துக்கெழமை நாங்க ரெண்டு பேரும் உப்புச்சர்க்கரை மாத்திக்கறோம். இஷ்டப்பட்டவங்க வாங்க'ன்னு எழுதிப்போட்டுத்தான் கார் ஏறுனேன்."