வால்பக்கத்துக் குழாய்

காரின் அடியில் புகை போக இரண்டு குழாய்கள் இருந்தன. இன்ஜினை ஒட்டி இரும்புக் குழாய், வால்பக்கம் அலுமினியக் குழாய்.

"மலை ஏறி வந்தும் எனக்குச் சூடே தெரியலை. நீ ஏன் இப்படிச் சிவந்துபோய்க் கிடக்கிற?" என்று அலுமினியம் கேட்டது.

கார்க்காரருக்கும் துருவேறாத அலுமினியக் குழாயைத்தான் பிடித்திருந்தது. "முன்னாடியும் அலுமினியமே போட்டுடுங்க, எடை குறையும்" என்றார்.

"அங்க தாங்காதுங்க" என்று மெக்கானிக் ஆரோக்கியம் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்காததால் இரும்பைக் கழற்றிவிட்டுப் புது அலுமினியக் குழாயை மாட்டிவிட்டார்.

முதல் மலைப்பாதையிலேயே புதுக்குழாய் உருகிச் சொட்டுச் சொட்டாக ரோட்டில் விழுந்தது. வால்பக்கத்து அலுமினியம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் இரும்புக் குழாய் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

"இத்தனை நாளும் இதையா தாங்கிட்டு இருந்த?" என்று அலுமினியம் மெல்லக் கேட்டது.

"மேடு வருது, கெட்டியாப் பிடிச்சுக்க" என்றது இரும்பு.