பதின்மூன்று பிழை

எவ்வளவு பனி கொட்டும் என்று நாற்பத்து நாலு தரம் சொல்லியிருக்கிறார். பதின்மூன்று பிழை.

அருமைநாதன் அண்ணையின் குசினி மேசையில் கொப்பியை விரித்து வைத்து இன்னொரு தரம் எண்ணினேன். அதே பதின்மூன்றுதான்.

தான் சொன்னதில் சரி எழுபத்தைந்து வீதத்துக்குக் கீழே போனால் இனிப் பனியைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று, எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் அவரே சவால் விட்டிருந்தார். வந்திருப்பது எழுபது.

அவரைச் சவாலுக்கு இழுத்தவன் நான்தான். டிசம்பரில் ஒரு ஞாயிறு, இருபது சென்ரிமீற்றர் கொட்டப்போகிறது என்று மனுஷன் குரல்பதிவு போட, அதை நம்பி என் மகளின் பிறந்தநாளையே தள்ளிவைத்தேன். விழுந்தது உப்புத் தூவின மாதிரி.

அந்தக் கோபத்தில் அன்றிலிருந்து அவர் சொன்னதை ஒரு பக்கமும், மறுநாள் காலை என் பல்கனியில் மகளின் அடிமட்டத்தால் அளந்ததை மறுபக்கமும் எழுதிவந்தேன். மூன்று சென்ரிமீற்றருக்குள் வந்தால் சரி, தாண்டினால் பிழை.

புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் சரக்கு எண்ணுவதுதான் என் வேலை. சரக்குக் குறைந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் குறையும். ஒரே தட்டில் குறைந்தால் ஆரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்தப் புத்தியில் பிழைகளின் தேதிகளைப் பார்த்தேன். சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன்.

பதின்மூன்றில் பதினொன்று ஞாயிறு. ஞாயிறுகளில் அவர் சொன்னதே பதினொன்றுதான்; பதினொன்றும் கூட்டிச் சொன்னவை.

திங்களிலிருந்து சனி வரை வானிலை நிலையத்துக்கே வகுப்பு எடுக்கக்கூடிய மனுஷன். ஞாயிறு வந்தால் மட்டும் இவருக்கு என்ன பிடிக்கிறது?

அடுப்படியில் அவருடைய மகள் லோஜினி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊரான லவாலில் தனியாக இருக்கிறாள், மருந்துக்கடையில் வேலை. ஞாயிறு காலை வருவாள், இரவு சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். பனி கொட்டும் என்றால் மட்டும் தங்குவாள்.

பனி கொட்டும் என்றால் மட்டும்.

அட கடவுளே!

போன செப்டெம்பரில் அவள் வீடு மாறின அன்று நடந்த சண்டை, கீழ்வீட்டில் இருந்த எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. "போறதெண்டால் போ, இஞ்ச ஒருத்தரும் உன்னை மறிக்கேல்லை" என்று கத்தினது இவர்தான். அப்படிக் கத்தின வாயால் இன்றைக்கு நில் பிள்ளை என்று கேட்பாரா? செத்தாலும் கேட்கமாட்டார்.

"எத்தினை தம்பி?" என்றார் அண்ணை, மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்து. என்னைப் பார்க்காமல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக் கேட்டார். மேசைக்குக் கீழே அவருடைய கால் ஆடிக்கொண்டிருந்தது. பனி சொல்கிற உரிமை பறிபோனால் அடுத்த மாரியில் அவளை எதைச் சொல்லி மறிப்பார்? பாவம்.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்காதே.

"அண்ணை, இந்த ஞாயிற்றுக்கிழமையளில மட்டும் ஏன்..."

என் காலில் நறுக்கென்று ஒரு மிதி விழுந்தது. லோஜினி தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கொப்பியில் இருந்த சிவப்பு வட்டங்களை ஒரு பார்வை பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"ஞாயிறைச் சேர்க்கேல்லை அண்ணை," என்றேன். "மிச்சம் முப்பத்து மூண்டில முப்பத்தொண்டு சரி. நீங்கள் பாஸ்."

ஏன் ஞாயிறைச் சேர்க்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"இண்டைக்கு இரவைக்கும் ஸ்னோ வரும் போல கிடக்கு. ஒரு பத்துச் சென்ரிமீற்றர்."

ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு. வெளியே பதினெட்டுப் பாகை வெயில். எதிர்வீட்டு மனுஷி கட்டைக் காற்சட்டையோடு கார் கழுவிக்கொண்டிருந்தார்.

லோஜினி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓம் அப்பா, வரும்தான். நான் காலமை போறன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழும்பிப் போய் என் தோள்பையை எடுத்தேன். வரும்போது, கொளுக்கியில் இடமில்லாமல், ஏதோ ஒரு நீலச் சட்டைக்கு மேலே அதைக் கொழுவியிருந்தேன். இப்போதுதான் அந்தச் சட்டையை வடிவாகப் பார்த்தேன்.

லோஜினி மருந்துக்கடைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டை. திங்கட்கிழமை வேலைக்கென்று லவாலிலேயே அயர்ன் பண்ணி, பெயர்ப்பட்டியும் குத்தி, காலையில் வரும்போதே கொண்டுவந்திருந்தாள்.