விறகில் சுட்டால்தான் ருசி

மறுபடியும் புகை!

ஹப்தாமு போர்வையை உதறிவிட்டு எழுந்தான். ராத்திரி முழுக்க நகரத்துப் போலே விமான நிலையத்துக்கும் ஹோட்டல்களுக்கும் மாறி மாறி வண்டி ஓட்டிவிட்டு வந்து, மின்சாரக் காரைச் சார்ஜில் மாட்டிவிட்டு இப்போதுதான் கண்ணை மூடியிருந்தான். ஜன்னல் இடுக்கு வழியாகப் புகை புகுந்து தொண்டையைக் கமறவைத்தது.

வெளியே வந்து பார்த்தான். வெள்ளைக் கார் மேல் பொடிப்பொடியாய்க் கரி.

"அக்கா! அஸ்கலே அக்கா! மனுஷன் தூங்க வேணாமா?"

முற்றத்து மூலையில் இருந்த தகரக் கொட்டகை அடுப்படியிலிருந்து வீட்டுக்காரம்மா அஸ்கலே எட்டிப் பார்த்தாள். கடைகளுக்கு இன்ஜெரா என்ற தோசை மாதிரியான பெரிய ரொட்டி சுட்டுக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன.

"இதோ முடிஞ்சுது தம்பி, இன்னும் கொஞ்சம்தான். மழையில நனைஞ்ச விறகு, அதான் இந்தப் புகை புகையுது."

"கரண்டு கல்லு வச்சிருந்தீங்களே, அதுல சுட்டா என்னவாம்?"

"விறகுல சுட்டாத்தான் தம்பி ருசி. கடைக்காரங்க அதைத்தான் கேக்குறாங்க." இருமிக்கொண்டே சொன்னாள். "உனக்கு ரெண்டு எடுத்து வச்சிருக்கேன். சாப்பிட்டுட்டுப் படு."

"ஒண்ணும் வேணாம்!"

ருசியாம் ருசி! இத்தனை வருஷமாக இந்த அடுப்படியிலிருந்து புகை வந்து அவன் பார்த்ததே இல்லை. சார்ஜர் பெட்டி சுவரில் ஏறிய மறுநாளே ஆரம்பித்துவிட்டது. பின்கட்டு அறையில் குடியிருப்பவன் புதுக் கார் வாங்கிவிட்டானே என்ற வயிற்றெரிச்சல், வேறென்ன?

முதலில் சாதாரண பிளக்கில்தான் காரை மாட்டிக்கொண்டிருந்தான். பகல் முழுக்க மாட்டினாலும் பாதிதான் ஏறும். விமானத்துக்குப் போகிற பயணியை நடுவழியில் இறக்கிவிட்டு, கைகூப்பாத குறையாக மன்னிப்புக் கேட்டதெல்லாம் உண்டு. வெளியே சார்ஜ் போடும் இடத்தில் வரிசையில் நின்றால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

அப்புறம்தான் எலக்ட்ரீஷியன் கிர்மாவைக் கூப்பிட்டான். "சின்னது போதுமா, பெரிய பெட்டியே போட்டுடவா?" என்று கேட்டார். "பெரிசே போடுங்க அண்ணே." வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். அவர் வருவதற்குள் ஹப்தாமு கார் சீட்டிலேயே தூங்கிப்போனான். கண் விழித்தபோது பெட்டி சுவரில் இருந்தது. அன்றிலிருந்துதான் அவன் பிழைப்பு ஒழுங்காக ஓடுகிறது. அது பொறுக்கவில்லை இந்த அம்மாவுக்கு!

கிர்மாவுக்குப் போன் போட்டான். பக்கத்துத் தெருவில்தான் வேலையாக இருந்தார். உடனே வந்துவிட்டார்.

"பெட்டியைக் கழட்டணும் அண்ணே."

"ஏன், மக்கர் பண்ணுதா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. மனுஷங்கதான் சரியில்ல. இந்தப் புகையைப் பாருங்க."

"இதுக்குப் போய்க் கழட்டுவாங்களா? பெட்டியை வாசல் கேட் பக்கத்துச் சுவருக்கு மாத்திடலாம். வயரைக் கொஞ்சம் நீளமா இழுத்தாப் போச்சு."

"கார் தள்ளி நிக்கும். நான் இங்கதானே படுக்கணும்?"

"அப்ப பழையபடி சாதாப் பிளக்குலயே மாட்டிக்கிறியா?"

"மறுபடி நடு ரோட்டுல நிக்கவா? போதும்ணே. அயாத் பக்கம் ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். பெட்டியை அங்க கொண்டுபோய் மாட்டிக் குடுத்துடுங்க."

"அங்க லைன் எப்படின்னு பாத்தியா? எல்லா வீடும் இந்தப் பெட்டியைத் தாங்காது தம்பி. புது லைன் கேட்டா எப்பக் குடுப்பாங்கன்னு அந்த மரியாம் மாதாவுக்குத்தான் வெளிச்சம்."

"இங்க தாங்குச்சுல்ல? அங்கயும் தாங்கும்."

கிர்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். மென்று முழுங்கிக்கொண்டார்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிப் பாரேன்."

"பேச என்ன இருக்கு? எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லண்ணே. நிம்மதியாத் தூங்கணும், அவ்வளவுதான். இந்த அம்மா வயித்தெரிச்சலைத் தாங்க என்னால முடியாது."

கிர்மாவின் முகம் சட்டென்று இறுகியது.

"வயித்தெரிச்சலா? சரிப்பா, கழட்டிடறேன்."

பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். மெயினை அணைத்தார். அடுப்படிப் பக்கம் திரும்பி உரக்கக் குரல் கொடுத்தார்.

"அஸ்கலே அக்கா! விறகை அணைச்சிடுங்க! இந்த வீட்டுல அதிகக் கரண்டு தாங்குற கனத்த லைன் ஒண்ணுதான் இருக்குன்னு நான் சொன்னதும், 'என் கல்லுலேர்ந்து கழட்டித் தம்பி வண்டிக்குக் குடுத்துடு, அவன்கிட்டச் சொல்லாதே'ன்னீங்களே... அது இனிமே உங்க கல்லுக்கே!"

புகைக்குள்ளிருந்து சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தபடி அஸ்கலே பதறி ஓடி வந்தாள்.

"ஏன் கிர்மா, தம்பி வண்டிக்கு அது பத்தலையா?"