ஆற்றுக்குத் தடைக்காலம்

ஜம்புநாதனின் கார் டிக்கியில் இரண்டு தூண்டில்கள் புது நரம்பு மாட்டித் தயாராக இருந்ததைப் பார்த்ததுமே முகிலனுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. இவர் ஓட்டு நமக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து பேஸ்மெண்டுக்கு அழைத்துப் போனான்.

கடல் தாண்டிக் குடியேறிய மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், முகிலன் வீட்டில் அன்று மதியம் மீன்பிடி சங்கத்தின் கூட்டம். சங்கம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றங்கரையில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சனிக்கிழமை ஆனால் தூண்டிலும் கையுமாக உட்காருகிற இருபத்திரண்டு பேர். இன்று வந்திருந்தது இருபத்தொரு பேர்.

நம் ஊர்க் கடலுக்குத் தடைக்காலம் இருக்கிற மாதிரி, ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினான்கு வரை தங்கள் கரையில் யாரும் தூண்டில் போடக்கூடாது என்று சங்கமே ஒரு விதி வைத்திருந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஜம்புநாதனின் மனைவி புஷ்பவல்லி. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மீனை நறுக்கியபோது வயிறு நிறைய முட்டை இருந்ததைப் பார்த்துவிட்டு, அன்று குழம்பே வைக்காமல் எழுந்துவிட்டார்.

அதே புஷ்பவல்லிக்காகத்தான் இன்று அந்த விதியை எடுக்கப் பார்த்தான் முகிலன். அவருக்குக் கணையத்தில் புற்றுநோய். ஏப்ரலைத் தாண்டுவது கஷ்டம் என்று பிப்ரவரியிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். இது மே மாதம், இரண்டாவது சனிக்கிழமை.

போன வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தான். கட்டிலுக்கு எதிரே காலண்டர் மாட்டியிருந்தது. தினமும் காலையில் காபிக்கு முன்னால் அவர் ஒரு நாளைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. கரை திறக்கும் நாளான ஜூன் பதினைந்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம்.

அந்த வட்டம் வரை இவர் இருப்பாரா என்று முகிலன் நாள்களை எண்ணிப் பார்த்தான். மகள் ஓவியா பிறந்தபோது விசா கிடைக்காமல் அவன் அம்மாவால் வர முடியவில்லை. நாற்பது நாளும் பத்தியச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்தவர் புஷ்பவல்லி. அவருக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

"ஆன்ட்டி, நீங்களும் அங்கிளும் மட்டும் ஒரு நாள் போய்ட்டு வந்துடுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க," என்றான்.

"எனக்குன்னு தனி ரூலா? எல்லாருக்கும் தொறந்தாச் சொல்லு, மறுநாளே கிளம்பிடறேன்," என்று சிரித்தார் புஷ்பவல்லி.

எல்லாருக்கும் திறந்துவிட வேண்டியதுதான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டான்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் தூத்துக்குடிக்காரர் ரூஃபஸ். "சினை மீன் ஒண்ணு போச்சுன்னா ஆயிரம் குஞ்சு போச்சு. இது புஷ்பவல்லி அக்கா சொன்னதுதான். இந்த வருஷம் எடுத்தா, அடுத்த வருஷம் வேற யாராவது ஒரு காரணத்தோட வருவாங்க."

"எல்லா வருஷமும் வேணாம்ண்ணா. இந்த ஒரு வருஷம் மட்டும். நாளைக்கே தொறந்துடலாம்," என்றான் முகிலன்.

ஏன் இந்த வருஷம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஜம்புநாதன் அங்கேயே உட்கார்ந்திருந்ததால் யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

கை தூக்கச் சொன்னார்கள். தடையை எடுக்கலாம் என்று பத்துக் கை. இருக்கட்டும் என்று பத்துக் கை. அந்தப் பத்தில் ரூஃபஸின் கையும் இருந்தது, ஆனால் அவர் கண் கலங்கித்தான் இருந்தது. மிச்சம் ஒரே ஒரு ஓட்டு. எல்லோரும் ஜம்புநாதன் பக்கம் திரும்பினார்கள்.

"தடை இருக்கட்டும்ப்பா," என்றார் அவர். "ஜூன் பதினஞ்சுக்கே தொறங்க."

ஆற்று மீன் மேல் இருக்கிற இரக்கம் கட்டிய மனைவி மேல் இல்லாமல் போனதே, இப்படியும் ஒரு மனிதரா என்று முகிலன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஜம்புநாதன் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியேறிப் போனார். முகிலன் விடவில்லை. பின்னாலேயே ஓடி, டிரைவ்வேயில் காரை மறித்துக்கொண்டு நின்றான்.

"உங்க ஒரு ஓட்டுதான் அங்கிள். நாளைக்கே ஆன்ட்டிய ஆத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். அவங்களுக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான். அதையும் கெடுத்துட்டீங்களே."

ஜம்புநாதன் கோபப்படவில்லை. டிக்கியைத் திறந்து, சரிந்து கிடந்த தூண்டில்களை நிமிர்த்தி வைத்தார். அதில் சின்னது புஷ்பவல்லியுடையது. அதன் பிடியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே நின்றார்.

"நேத்து அவதான் நரம்பு மாத்தச் சொன்னா. டாக்டர் சொன்ன கெடு முடிஞ்சு பத்து நாளாச்சு முகில். டெய்லி காலைல எந்திரிச்சு, ஒரு நாள அடிச்சிட்டு, இன்னும் எத்தன நாள்னு எண்ணிச் சொல்றா."

டிக்கியை மெதுவாக மூடினார்.

"நாளைக்கே தொறந்துட்டா, அப்புறம் அவ எந்த நாளுக்காகப்பா எந்திரிப்பா?"